பரண்மேல் கிடக்கும் பத்து வருடங்கள்



உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்போது பதினேழு, பதினெட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ எங்கே இருக்கிறது? கேட்டவுடன் எடுத்துக் காட்ட முடியுமா?

உங்கள் கல்யாண ஆல்பம் பீரோவில் பத்திரமாக இருக்கும். தாத்தா, பாட்டி படம் ஹாலில் மாட்டியிருக்கும். போன வாரம் எடுத்த படங்கள் போனில் இருக்கின்றன. போன் தொலைந்தாலும் கூகுள் கணக்கில் ஒரு காப்பி இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பத்து வருடம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஃபிலிம் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கிய காலம் அது. பிரிண்ட் போடும் பழக்கம் மெல்ல விட்டுப்போனது. மெமரி கார்டு நிறைந்ததும் வீட்டு கம்ப்யூட்டரில் காப்பி பண்ணிவிட்டு, கார்டை அழித்துவிட்டு, அடுத்த விசேஷத்துக்குத் தயாரானோம். கூகுள் போட்டோஸ் வந்ததே 2015 மே மாதத்தில்தான். அதற்கு முன்பு எடுத்த காதுகுத்து, கிரகப்பிரவேசம், பள்ளி ஆண்டுவிழா, கொடைக்கானல் டூர் எல்லாம் பல வீடுகளில் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கின்றன. அந்த டிஸ்க் ஓடாத கம்ப்யூட்டருக்குள்ளோ, பரண்மேல் ஏதோ ஒரு அட்டைப்பெட்டியிலோ கிடக்கிறது.

அந்த டிஸ்க்குகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. ‘திடீர்னு டிடெக்ட் ஆகமாட்டேங்குது’, ‘கடையில கொடுத்தோம், ஃபார்மட் பண்ணிட்டாங்க’, ‘டக் டக்னு சத்தம் வருது’ என்று வாசகர்கள் பலர் சொல்லிக் கேட்கிறேன். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி உங்களோடு பேச நினைத்தேன். சாகப்போகும் டிஸ்கிலிருந்து நினைவுகளை மீட்பது பெரும்பாலும் முடியக்கூடிய காரியம். அது கைநழுவிப் போவது பல நேரம் அடுத்த அரைமணி நேரத்தில், பதற்றத்தில் நாமே செய்கிற வேலைகளால்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், ஏன் பதறக்கூடாது என்பது புரிந்துவிடும்.

ஹார்டு டிஸ்குக்குள் கண்ணாடி போல வழவழப்பான தட்டுகள் இருக்கின்றன. வீட்டில் பயன்படுத்துபவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுபவை. தட்டின் மேல் காந்தப் பூச்சு. அதில்தான் நம் படங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் ‘ஹெட்’ என்ற சின்ன முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதந்தபடி வேலை செய்கிறது. ஒரு தலைமுடியின் கனமே ஏறக்குறைய எண்பதாயிரம், ஒரு லட்சம் நானோமீட்டர். அப்படியானால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஹெட் வளைந்தோ, உடைந்தோ தட்டைத் தொட்டுவிட்டால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டிய இடத்தில் இருந்த படம் பொடியாகிப் போகும். அதை எந்த ஊர் நிபுணராலும், எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ‘டக்... டக்...’ என்று ஒரே தாளத்தில் வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் என்ன அர்த்தம் தெரியுமா? ஹெட் தன் இடத்தைத் தேடிப் போகிறது, கிடைக்காமல் திரும்புகிறது, மறுபடியும் போகிறது. அதை ஓடவிட்டுக்கொண்டே ‘ஒருவேளை சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தட்டு கீறல் விழும் ஆபத்தில் இருக்கிறது.

எனவே வித்தியாசமான சத்தம் வந்தால் முதல் வேலை, நிறுத்துவது. கம்ப்யூட்டர் என்றால் ஷட் டவுன். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் ஒயரை எடுத்துவிடுவது. ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே’ என்ற ஆசையை அடக்கிக்கொள்வது. கஷ்டம்தான், தெரியும். உள்ளே இருப்பது பெற்ற பிள்ளையின் படம். கை சும்மா இருக்குமா? ஆனால் அந்த ஒரு கட்டுப்பாடுதான் பிறகு வரப்போகும் எந்த நிபுணரையும்விட உங்களுக்கு அதிகம் உதவும்.

சிறிய எக்ஸ்டர்னல் டிஸ்க் சில சமயம் மெல்லிசாக ‘பீப்’ என்பது போல முனகும். தட்டு சுற்ற முடியாமல் மோட்டார் திணறுகிறது என்று பொருள். கரண்ட் போதாமல் இருக்கலாம்; ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். வேறு ஒயரில், கம்ப்யூட்டரின் பின்பக்க யூ.எஸ்.பி. பாயிண்டில் ஒரு முறை பார்க்கலாம். அப்போதும் அதே முனகல் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

சத்தமே இல்லை, ஆனால் டிஸ்க் தெரியவில்லை என்றால்? அப்போது நல்ல செய்திக்கு வாய்ப்பு அதிகம். பல நேரம் ஒயர் போயிருக்கும். அல்லது எக்ஸ்டர்னல் டிஸ்கின் பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் போயிருக்கும். பழைய டெஸ்க்டாப் ஓடவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கும் போய்விட்டது என்று நினைக்கவே வேண்டாம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் தனியாக வந்துவிடும். அதை யூ.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் அதிக விலை இல்லாமல் கிடைக்கிறது. ரொம்பப் பழைய டிஸ்க் என்றால் பட்டையான ஒயர் மாட்டும் ‘ஐ.டி.இ.’ வகையாக இருக்கும். அடாப்டர் வாங்கும்போது டிஸ்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சில கம்பெனி டிஸ்க்குகளில் யூ.எஸ்.பி. பாயிண்ட் சர்க்யூட்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்தச் சர்க்யூட்தான் தகவலைப் பூட்டியும் திறந்தும் தருகிறது. அவற்றின் பெட்டியை நீங்களே உடைத்துத் திறக்காதீர்கள்.

விண்டோஸ் சில சமயம் ஒரு பெட்டியைத் திரையில் காட்டும். இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். தயவுசெய்து ‘கேன்சல்’ அழுத்துங்கள். ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று கேட்டாலும் சரி என்று சொல்லாதீர்கள். நல்ல டிஸ்குக்கு அது உதவி. நோயாகிப்போன டிஸ்கிலோ அது எல்லா இடத்தையும் துருவித் தேடி, உள்ளே எழுதி, மிச்சம் மீதியையும் கலைத்துவிடும்.

இங்கேதான் எல்லாருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. டிஸ்கை ரிப்பேர் செய்வதா, உள்ளே இருப்பதை எடுப்பதா? இரண்டும் வேறு வேறு வேலை. தாத்தா காலத்துப் பத்திரம் மடிப்பில் கிழிகிறது என்றால் முதலில் என்ன செய்வோம்? ஒட்டுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுப்போம். டிஸ்கிலும் அதே வரிசைதான். முதலில் முழுசாக ஒரு பிரதி. அப்புறம் தேடுவது, சரிசெய்வது எல்லாம் அந்தப் பிரதியில். அசல் டிஸ்க் இனி நம்பத் தகுந்த பொருள் இல்லை. அதை ரிப்பேர் பண்ணித் திரும்பப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம்.

சத்தம் இல்லாமல் டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்றால் ‘பேட் செக்டர்’ விழுந்திருக்கும். அதாவது தட்டில் சில இடங்களை ஹெட்டால் படிக்க முடியவில்லை. நாம் என்ன செய்வோம்? மொத்த ஃபோல்டரையும் இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போவோம். காலையில் பார்த்தால் ஏதோ ஒரு கெட்ட ஃபைலில் மாட்டிக்கொண்டு, இரவு முழுக்க அந்த ஒரே இடத்தில் டிஸ்க் முட்டிக்கொண்டிருந்திருக்கும். நோயாளிக்கு அதுவே போதும்.

இதற்கென்றே எழுதப்பட்ட ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர் ‘ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ’. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதியது. லினக்ஸில் ஓடுவது. அதன் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கே நின்று சண்டை போடாமல் தாண்டிப் போய்விடும். நல்லதாக இருக்கும் இடங்களை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். டிஸ்க் நடுவில் செத்தாலும் பெரும்பகுதி கையில் வந்திருக்கும். அதன் பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக முயற்சி செய்யும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று தனியாக ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் பாதியில் நிறுத்திவிட்டு, டிஸ்க் ஆறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கமாண்ட் அடித்துச் செய்கிற வேலை இது. வீட்டில் கம்ப்யூட்டர் படித்த தம்பியோ மருமகளோ இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டுச் செய்து தருவார்கள். பழைய டிஸ்கைவிடப் பெரியதாகப் புது டிஸ்க் ஒன்று வேண்டும். ஒரே ஒரு இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கவனிக்க வேண்டும்: எது பழைய டிஸ்க், எது புது டிஸ்க் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க் போய்ப் படங்களின் மேல் உட்கார்ந்துவிடும். இரண்டு டிஸ்கின் சீரியல் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்து, திரையில் தெரிவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டச் சொல்லுங்கள். சில மணி நேரத்திலும் முடியலாம், சில நாளும் ஆகலாம். வேலை நடக்கும்போது ஃபேன் காற்று டிஸ்கின் மேல் படட்டும்.

உதவிக்கு யாரும் இல்லை, சாதாரணமாகக் காப்பி பண்ணித்தான் எடுக்க வேண்டும் என்றால், தயவுசெய்து சினிமா ஃபோல்டரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எங்கேயும் திரும்பக் கிடைக்காதது எதுவோ அது முதலில். குழந்தையின் படங்கள், இறந்துபோன பெரியவர்கள் பேசிய வீடியோ. ஒரு சின்ன ஃபோல்டராக எடுங்கள். ஒரு ஃபைல் முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

டிஸ்க் நல்லபடியாகவே ஓடுகிறது. யாரோ தெரியாமல் அழித்துவிட்டார்கள், அல்லது ஃபார்மட் ஆகிவிட்டது. இது வேறு கதை. அழித்தல் என்பது பெரும்பாலும் பொருளடக்கத்திலிருந்து பெயரை எடுப்பதுதான். படம் அங்கேயே இருக்கும், அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை. ஆகவே அந்த டிஸ்கில் ஒரு பாட்டுகூடக் காப்பி பண்ணாதீர்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்கில் இன்ஸ்டால் செய்யவும் கூடாது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’ இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. மீண்டுவரும் படங்களுக்குப் பழைய பெயர்கள் இருக்காது, வெறும் எண்களாக வரும். கலங்க வேண்டாம். கேமரா எழுதிய தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

அக்கம்பக்கத்தில் கிடைக்கும் சில யோசனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் எல்லாம் உள்ளே நீராகப் படியும். அந்த நீர்ப்படலத்தின் மேல் ஹெட் ஓடினால் என்ன ஆகும்? லேசாகத் தட்டினால் ஓடும் என்பதும், மூடியைத் திறந்து ‘ஒரு பார்வை பார்ப்பதும்’ அதே ரகம். டிஸ்கைத் திறப்பதற்குத் தூசி வடிகட்டிய தனி அறை வேண்டும். அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றலாம் என்பது ஒரு காலத்தில் பலித்தது. இப்போதைய போர்டுகளில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் எழுதிய சிப் ஒன்று இருக்கிறது. அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றினால்தான் உண்டு.

தண்ணீர்? 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை வீடுகளில் மேசைக்குக் கீழே தரையில் இருந்த சி.பி.யு. மூழ்கியது! 2023-ல் மிக்ஜாம் புயலிலும் அதே காட்சி. வெயிலில் காயவைத்து, ஹேர் டிரையர் காட்டி, நம்பிக்கையோடு சுவிட்சைப் போட்டவர்கள்தான் அதிகம். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சேற்றுநீர் உள்ளே போயிருந்தால், காயக் காய அந்த வண்டல் தட்டில் ஒட்டிக்கொள்ளும். நனைந்த டிஸ்கை ஓடவிடாமல், காயவும் விடாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் டேட்டா ரெக்கவரி லேப்புக்குக் கொடுப்பதுதான் வழி.

லேப்காரர்களால் என்ன முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2003 பிப்ரவரி 1 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்கலம் வானத்திலேயே சிதறிய நாள். சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்டு கிடந்த ஒரு ஏரியில் அதன் ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைத்தது. 340 எம்.பி. கொள்ளளவு உள்ள சின்ன டிஸ்க். வெளிப்பாகம் கருகி, தூசி புகாமல் காக்கும் சீல் உருகிப்போயிருந்தது. கிரால் ஆன்ட்ராக் என்ற நிறுவனத்தில் அந்தத் தட்டுகளை எடுத்து, ரசாயனத்தில் கழுவி, வேறொரு டிஸ்கில் பொருத்திப் படித்தார்கள். இரண்டு நாளில் 99 சதவீதம் கிடைத்தது. செனான் வாயுவைப் பற்றி விண்வெளியில் நடந்த ஆய்வின் கணக்குகள் அவை. அந்த முடிவுகள் 2008-ல் ஆய்விதழில் வெளிவந்தன.

அந்த டிஸ்கின் தட்டுகளில் காயமே இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதிதான் நிறைந்திருந்தது. காயம் பட்டதோ எதுவும் எழுதாத பகுதியில். எழுதிய இடத்தில் கீறல் விழாத வரை, வானத்திலிருந்து விழுந்த டிஸ்கைக்கூட மீட்க முடிந்திருக்கிறது. வீட்டு மேசையிலிருந்து தவறி விழுந்த டிஸ்கை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக் கீறிவிட்டால் யாராலும் முடிவதில்லை.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். தனி அறையில் திறந்து ஹெட் மாற்றிச் செய்யும் வேலைக்குப் பல ஆயிரம் ஆகும். சிக்கலைப் பொறுத்துப் பல பத்தாயிரமும் கேட்பார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சாதாரணத் தொகையா? இல்லை. வீட்டில் ஒருவர் ‘பழைய போட்டோதானே’ என்பார். இன்னொருவர் அழுவார். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதனால் லேப்புக்கு ஓடுவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து, அதே படங்கள் வேறு எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று யோசியுங்கள். துபாயில் இருந்த மாமாவுக்கு ஈமெயிலில் அனுப்பினீர்களா? ‘சென்ட்’ ஃபோல்டரில் இன்னும் இருக்கும். ஃபேஸ்புக்கில் ஏற்றிய ஆல்பம் இருக்கிறதா? நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு எரித்துக் கொடுத்த சி.டி.? எல்லாவற்றையும்விட, அந்தப் பழைய கேமராவின் மெமரி கார்டு டிராயரில் கிடக்கிறதா என்று பாருங்கள். அழித்துவிட்ட கார்டு என்றாலும், நான் சொன்ன ஃபோட்டோரெக்கை அதில் ஓட்டிப் பார்க்கலாம். கடைசியாக அழித்த பிறகு அதில் எதுவும் எடுக்காமல் விட்டிருந்தால், அந்தப் படங்கள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடை வைத்திருப்பவர்கள் டேலி கணக்கு போய்விட்டதே என்று துடிப்பார்கள். ஆடிட்டரிடம் எந்தத் தேதி வரையிலான பேக்கப் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அண்மை ஆண்டுகளில் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் ஜி.எஸ்.டி. தளத்திலேயே இருக்கும். இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு, டிஸ்கில் மட்டுமே இருப்பது எது என்று தெரியவரும். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அப்போது நிதானமாக முடிவு செய்யலாம்.

கொடுப்பது என்று முடிவானால், நேராக நல்ல லேப்புக்கே கொடுங்கள். தெருமுனைக் கடையில் ஒரு முறை, நண்பரின் நண்பரிடம் ஒரு முறை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் லேப்புக்குப் போவதுதான் பெரிய நஷ்டம். முதல் முயற்சிக்கு இருக்கும் வாய்ப்பு நான்காவது முயற்சிக்கு இருப்பதில்லை. ‘இது என்னால் முடியாது, லேப்பில் கொடுங்கள்’ என்று சொல்லி டிஸ்கைத் திருப்பித் தரும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அடுத்த கம்ப்யூட்டரை அவரிடமே வாங்குங்கள்.

லேப்பில் கூச்சப்படாமல் கேளுங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டா? எதுவும் கிடைக்காவிட்டால் பணம் கேட்பார்களா? பணம் கட்டுவதற்கு முன் கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா? இங்கேயே திறக்கிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா? கொடுப்பதற்கு முன் டிஸ்கின் சீரியல் நம்பர் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதிலும் அந்த நம்பர் இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது. அந்த டிஸ்கில் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருக்கும். முன்பின் தெரியாதவர் கையில் அதைக் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் அவர்களிடம் உள்ள பிரதியை எப்போது அழிப்பார்கள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய டிஸ்கையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டாம். என் வீட்டு டிஸ்க் என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது வரும் லேப்டாப்களில் தட்டு சுற்றும் டிஸ்க் கிடையாது, எஸ்.எஸ்.டி. தான். வேகம் அதிகம், விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அது சாகும்போது பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. அதில் அழித்த ஃபைலை மீட்பதும் கஷ்டம். அழித்த இடத்தைக் காலி செய்துவிடச் சொல்லி விண்டோஸே அதற்குத் தகவல் கொடுத்துவிடுகிறது. தவிர, பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பிட்லாக்கர் என்று பெயர். மதர்போர்டு பழுதாகி டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அது இல்லாமல் எந்த லேப்பாலும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

டிஸ்க் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாதா? ஓரளவு தெரியும். ‘ஸ்மார்ட்’ என்று டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் வசதி உண்டு. ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். நீலத்தில் ‘குட்’ என்று வராமல் மஞ்சளிலோ சிவப்பிலோ வந்தால் அன்றே காப்பி எடுக்கத் தொடங்குங்கள். ஆனால் நீலத்தைப் பார்த்து நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது. கூகுள் தன் ஹார்டு டிஸ்க்குகளை வைத்துச் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன.

எனவே இரண்டாவது பிரதி வேண்டும். முடிந்தால் மூன்றாவதும்; அது வேறு வீட்டில் இருக்கட்டும். மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுப் பீரோவில் உங்கள் டிஸ்க், உங்கள் பீரோவில் அவருடையது. வெள்ளம், திருட்டு, மின்னல் எதுவும் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் வருவது அபூர்வம். பேக்கப் எடுத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1998-ல், பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கமாண்டில் படத்தின் ஃபைல்கள் அழிந்துகொண்டே போயின. பேக்கப் இருக்கிறதே என்று போனால், சுமார் ஒரு மாதமாக அது ஒழுங்காகவே பதிவாகவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் கைகொடுத்தது என்ன தெரியுமா? கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகத் தன் வீட்டு கம்ப்யூட்டரில் வைத்திருந்த பிரதி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போகி வந்தால் பழையன கழிக்கிறோம். கம்ப்யூட்டரும் காயலான் கடைக்குப் போகிறது, கிலோ கணக்கில். போடுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். போகி வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் தூசி துடைத்து, மேசையில் அசையாமல் வைத்து, காப்பி எடுக்கப் புது டிஸ்கைத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை மாட்டுங்கள். பல வருடம் தூங்கிய டிஸ்க் மறுபடி எப்போது எழும் என்று சொல்ல முடியாது. எழுந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் ஊரில் நியாயமாகவும் பொறுப்பாகவும் இந்த வேலையைச் செய்து தரும் இடங்கள் இருந்தால், எவ்வளவு ஆனது, எவ்வளவு கிடைத்தது என்ற விவரத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் மாவட்டவாரியாக வெளியிடுகிறோம். அடுத்தவர் பதறி நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் உங்கள் கடிதம் அவர்கள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்